256 கிலோ குதிரைக்கு எத்தனை மில்லி?

ஐப்பசி பிறந்து மழை விட்டு விட்டுப் பெய்யும் நாட்களில், கிருஷ்ணகிரி தருமபுரிப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே மாதிரி போன் வரும். பின்னங்காலை இழுக்கிறது, குளம்பு மண்ணைத் தேய்த்துக்கொண்டே வருகிறது, திருப்பினால் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது, எந்த மருந்து, எத்தனை மில்லி? கேட்பவர் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவராக இருப்பார், ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் குட்டி பிடித்து வந்தவராக இருப்பார், பெங்களூரில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரையை ஓசூர்ப் பக்கம் வாங்கிக் கட்டியவராக இருப்பார். கேள்வி மட்டும் மாறாது.

குதிரை இந்த ஊருக்குப் புதிதில்லை. ஓசூர் மத்திகிரியில் இன்று மாட்டுப் பண்ணை என்று பலரும் நினைக்கிற இடமே 1824-இல் படைக்குதிரைகளுக்காகத் தொடங்கியதுதான். ஆனால் இன்று ஊரில் மாட்டுக்கு மருந்து தெரிந்தவர் பத்துப் பேர் என்றால் குதிரைக்குத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அதனால் பாதி வைத்தியம் மாட்டுக் கணக்கில் நடக்கிறது, மீதிப் பாதி கைப்பேசியில் படித்த அமெரிக்கக் கணக்கில் நடக்கிறது. இரண்டுமே குதிரையைக் கெடுக்கிற இடங்கள் உண்டு. மருந்துச் சீட்டு எழுதுவது டாக்டர் வேலை. அவர் சரியாக எழுத வேண்டுமானால் குதிரைக்காரர் கையிலிருந்து சரியான எண்கள் போக வேண்டும். இங்கே பேசுவது அந்த எண்களைப் பற்றி.

அதற்கும் முன்னால் ஒன்று. இடுப்பு விழுந்த குதிரையின் வாயில் வெறுங்கையை விடாதீர்கள். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்துக் கையை விட்டுத் துழாவுவது எல்லாரும் செய்வது. வெறிநோய் குதிரைக்குப் பல நேரம் பின்னங்கால் தள்ளாட்டமாகத்தான் ஆரம்பிக்கும். நாய் கடித்ததை யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. எச்சில் வடிகிறது, தண்ணீர் விழுங்க முடியவில்லை, ஒரு நாளுக்குள் மோசமாகிறது என்றால் கையுறை இல்லாமல் யாரும் கிட்டே போக வேண்டாம், பிள்ளைகளை லாயத்துக்கு வெளியே நிறுத்துங்கள். எச்சில் கையில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, குதிரையைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி கேளுங்கள்.

இனி எடை. "நானூறு கிலோ இருக்கும் சார்" என்பதுதான் எல்லாக் குதிரைக்கும் சொல்லப்படும் எடை. நம் பக்கத்து நாட்டுக் குதிரை பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு வராது. அளக்க ஒரு சணல் கயிறும் ஒரு டேப்பும் போதும். தையல்காரர் டேப் 150 சென்டிமீட்டரில் முடிந்துவிடும், மார்பைச் சுற்றிப் பிடித்தால் பத்தாது. கயிற்றைச் சுற்றி, முனை சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு, அப்புறம் அதைத் தரையில் நீட்டி அளங்கள். சேணவார் போகிற இடத்தில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், பிடரிமயிர் முடிகிற மேட்டை ஒட்டிக் கயிறு போக வேண்டும். குதிரை மூச்சை விட்டபின் அளவு எடுங்கள். அடுத்தது நீளம்: தோளின் முன்முனையிலிருந்து பிட்ட எலும்பின் பின்முனை வரை, நேராக. வயிற்றின் வளைவை ஒட்டிக் கயிறு தொங்கினால் பொய் அளவு வரும்.

மார்புச் சுற்றை மார்புச் சுற்றால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும், அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுற்று 150, நீளம் 135 என்று வைத்துக்கொள்ளுங்கள். 150-ஐ 150-ஆல் பெருக்க 22,500. அதை 135-ஆல் பெருக்க 30,37,500. வகுத்தால் 256 கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதே குதிரையின் சுற்றை 155 என்று தளர்வாக எடுத்தால் எடை 273 ஆகிவிடும். சுற்று இரண்டு முறை பெருக்கப்படுவதால் அங்கே விடுகிற பிழைதான் பெரிதாகும். மூன்று தடவை அளந்து நடு எண்ணை எடுப்பது எங்கள் வழக்கம். இந்தக் கணக்கு வளர்ந்த குதிரைக்குத்தான். குட்டிக்கும் சினைப்பிடித்து வயிறு இறங்கிய குதிரைக்கும் சரிவராது.

கடைசி வரை இந்த 256 கிலோ குதிரையையே வைத்துக்கொள்வோம்.

அடுத்த குழி சதவீதம். புட்டியில் 1 சதவீதம் என்று போட்டிருந்தால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் மருந்து. 2.5 சதவீதம் என்றால் 25. சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும், பசையாக இருந்தால் ஒரு கிராமில். இந்தப் பத்தை மறந்தவர்கள் பத்து மடங்கு ஏற்றியதும் உண்டு, பத்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு "மருந்து வேலை செய்யலை" என்று நொந்ததும் உண்டு. அமெரிக்கப் பக்கத்தைப் படிக்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது, அவர்கள் பவுண்டில் எழுதுவார்கள். பவுண்டுக்கு எழுதிய அளவைக் கிலோ என்று வாசித்தால் குதிரைக்குப் பாதிக்கும் குறைவாகப் போகும், கிலோவுக்கு எழுதியதைப் பவுண்டு எடையோடு பெருக்கினால் இரண்டு மடங்குக்கும் மேலே போகும்.

எடையும் செறிவும் கையில் இருந்தால் கணக்குச் சரி. எந்தக் கிருமிக்குக் கணக்கு என்பதில்தான் ஊரில் பெரிய குழப்பம்.

மழைக்காலத்து இடுப்பு விழுகையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கும்ரி, ஆட்டுக்காரர்கள் இடுப்பு வாதம் என்று சொல்வது. செட்டேரியா டிஜிட்டேட்டா என்ற நூல் புழுவின் வீடு மாட்டின் வயிறு. அங்கே அது சாதுவாக வயிற்றுக் குழிக்குள் கிடக்கும், மாட்டுக்கு ஒன்றும் தெரியாது. அதன் நுண்குஞ்சுகள் மாட்டு ரத்தத்தில் ஓடும். கொசு அந்த ரத்தத்தைக் குடித்து, தன் உடம்பில் அவற்றைச் சில நாள் வளர்த்து, குதிரையையோ ஆட்டையோ கடிக்கும்போது உள்ளே விடுகிறது. மாட்டில் போக வேண்டிய வழி புழுவுக்குத் தெரியும். குதிரைக்குள் வழி தெரியாமல் அலைந்து தண்டுவடத்துக்குள் நுழைந்துவிடும். அது கிழித்துக்கொண்டு போன தடம்தான் இழுக்கிற கால். அதனால் ஒரு கால் மற்றதைவிட மோசமாக இருக்கும். நேற்று மாலை வரை நன்றாக இருந்தது, காலையில் இப்படி என்பார்கள், பெரும்பாலும் காய்ச்சல் இராது. அதே வாரத்தில் பக்கத்துத் தெரு வெள்ளாடு ஒன்றும் பின்னங்கால் விழுந்து கிடந்தால் சந்தேகம் வலுக்கும்.

கும்ரியை ரத்தப் பரிசோதனையில் பிடிக்க முடியாது. குதிரைக்குள் அலைவது வயதுக்கு வராத புழு, அது குஞ்சு விடுவதில்லை. ரத்தம் சுத்தம் என்று வந்த காகிதத்தை வைத்துக்கொண்டு கும்ரி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

இதற்கு ஊரில் கை போவது ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தின் மேல். குதிரைக்கு அதன் அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். நம் குதிரைக்கு 51 மில்லிகிராம். குதிரைக்கென்று வரும் 1.87 சதவீதப் பசையில் ஒரு கிராமுக்கு 18.7 மில்லிகிராம் இருக்கும், ஆக 2.7 கிராம் பசை. பசைக்குழாயின் தண்டில் எடை கோடுகள் போட்டிருக்கும், வளையத்தைத் திருகிப் பூட்டிவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். பூட்டாமல் அழுத்தினால் முழுக் குழாயும் ஒரே தள்ளில் போய்விடும், ஒரு குழாய் 550 கிலோவுக்கு மேலான குதிரைக்குக் கணக்கிட்டது. மாட்டுக்கு விற்கிற 1 சதவீத ஊசியைக் குதிரைக்குக் குத்தாதீர்கள். குத்திய இடத்தில் காற்றில்லாமல் வளரும் கிருமி பற்றி, சதை வீங்கி அழுகி, நோயைவிட ஊசி பெரிய நோயாகும். குதிரைக்கான ஊசி வடிவம் வெளிநாடுகளிலேயே 1980-களில் இந்தக் காரணத்தால் கைவிடப்பட்டது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐவர்மெக்டின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அவ்வளவாகப் போகாது. உடம்பே அதை வாசலில் தடுத்துத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு வைத்திருக்கிறது. புதிதாக உள்ளே வரும் குஞ்சுகளுக்கு அது எமன், ஏற்கெனவே தண்டுவடத்துக்குள் புகுந்துவிட்ட புழுவுக்கு அப்படியில்லை. அதற்காக அளவை நான்கு மடங்காக ஏற்றித் தள்ளிவிடலாம் என்று சிலர் பார்க்கிறார்கள். தடுப்பு உடைந்து மருந்து உள்ளே போனால் கண்மணி விரிந்து, கீழுதடு தொங்கி, குதிரை தள்ளாடும். பார்ப்பதற்கு நோய் முற்றியது போலவே இருக்கும், இன்னும் கொஞ்சம் மருந்து கொடுக்கத் தோன்றும்.

டையெத்தில்கார்பமசின் கும்ரிக்குப் பழைய மருந்து. நம் ஊர் ஜனங்களுக்கு அது யானைக்கால் மாத்திரை, டி.இ.சி. என்றால் சுகாதார நர்ஸ் வீட்டு வாசலில் நின்று விழுங்க வைத்த மாத்திரை. "பத்து மாத்திரை கொடுத்தோம், ஒன்றும் கேட்கலை" என்பார்கள். மனிதனுக்கே கிலோவுக்கு 6 மில்லிகிராம். அந்த அளவுக்கே 256 கிலோ குதிரைக்கு 100 மில்லிகிராம் மாத்திரை பதினைந்து வேண்டும். கும்ரிக்குக் கொடுப்பதோ அதைப் போலப் பல மடங்கு, அதுவும் ஒரே நாள் இல்லை, தொடர்ந்து சில நாள். எத்தனை என்பதை டாக்டர் எடையைப் பார்த்து எழுதட்டும். மாத்திரை கசக்கும், இடித்து வெல்லப்பாகில் பிசைந்தால் நக்கிக்கொள்ளும். கால் இழுக்கத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு நாளில் கொடுத்ததற்கும் பத்து நாள் கழித்துக் கொடுத்ததற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மருந்து புழுவைத்தான் கொல்லும், கிழிந்த நரம்பைத் தைக்காது.

அதே புழு சில நேரம் கண்ணுக்குள் போய்விடும். வெயிலில் குதிரையை நிறுத்திப் பக்கவாட்டில் பார்த்தால், கருவிழிக்கும் பாவைக்கும் நடுவே உள்ள தண்ணீரில் வெள்ளை நூல் ஒன்று சுருண்டு சுருண்டு நீந்துவது வெறும் கண்ணுக்கே தெரியும். கண் கலங்கி நீலம் பாய்ந்திருக்கும். இதற்குப் புழு மருந்து கொடுத்துக் காத்திருக்கக் கூடாது, செத்த புழு கண்ணுக்குள்ளேயே கிடந்து அழற்சி கிளப்பும். மயக்க ஊசி போட்டு, விழி ஓரத்தில் துளையிட்டு, நீரோடு சேர்த்துப் புழுவை வெளியே எடுக்க வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பெங்களூர் ஹெப்பாலுக்கோ வண்டி ஏற்றுங்கள்.

காய்ச்சல் வந்து வந்து போகிறது, தீனி தின்றும் உடம்பு உருகுகிறது, அடிவயிற்றிலும் காலிலும் நீர் கோத்திருக்கிறது, கீழிமையைத் திறந்தால் வெளுத்திருக்கிறது, அப்புறம் சில வாரம் கழித்து இடுப்பு ஆடுகிறது. இது வேறு கதை. டிரிப்பனோசோமா இவான்சி என்ற ஒற்றைச் செல் கிருமி, நோயின் பெயர் சுர்ரா. 1880-இல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில் ராணுவக் குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் கிரிஃபித் இவான்ஸ் கண்டுபிடித்தது. விலங்குகளுக்கு நோய் உண்டாக்கும் டிரிப்பனோசோமாக்களில் உலகத்திலேயே முதலில் அகப்பட்டது இதுதான், அதுவும் இந்தக் குதிரை ரத்தத்தில். பரப்புவது குதிரை ஈ, கடித்தால் ரத்தம் சொட்டுகிற அந்தப் பெரிய ஈ.

இதை ரத்தத்தில் பார்க்கலாம், ஆனால் பார்க்கிற நேரம் முக்கியம். காய்ச்சல் ஏறியிருக்கும்போது காது ஓரத்து ரத்தக் குழாயில் ஒரு சொட்டு எடுத்து, ஸ்லைடில் வைத்து மேலே கண்ணாடிச் சில்லு மூடி உடனே பார்க்க வேண்டும். கிருமி முதலில் கண்ணில் படாது, சிவப்பணுக்கள் கூட்டத்தில் ஓரிடம் மட்டும் யாரோ இடித்துக்கொண்டு போவது போலக் கலையும். அந்த இடத்தைக் கவனித்தால் வாலாட்டும் கிருமி தெரியும். பக்கத்தில் நுண்ணோக்கி இல்லையா, மெல்லிய படலமாக இழுத்து உலர்த்தி, ஈ மொய்க்காமல் காகிதத்தில் சுற்றி அனுப்புங்கள். ஈ அரை மணியில் படலத்தை நக்கித் தீர்த்துவிடும், ஆய்வகத்தில் வெறும் கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். கூடவே ரத்தம் உறையாமலிருக்க மருந்து போட்ட ஊதா மூடிக் குழாயில் ஐந்து மில்லி ரத்தம், குளிர்ச்சியாக, ஐஸ் நேராகத் தொடாமல். ஒரு தடவை இல்லை என்று வந்தால் சுர்ரா இல்லை என்று அர்த்தமில்லை. அடுத்த காய்ச்சலில் மறுபடி எடுக்க வேண்டும்.

இங்கேதான் வலிநீக்கி குழப்பம் செய்யும். குதிரை சோர்ந்திருக்கிறதே என்று காலையிலேயே ஃப்ளூனிக்சின் போட்டுவிட்டால் காய்ச்சல் இறங்கிவிடும், பகலில் வரும் டாக்டருக்கு வெப்பமானி ஒன்றும் சொல்லாது. முதலில் காய்ச்சல், அப்புறம் ரத்தம், அதன்பிறகு ஊசி.

சுர்ராவுக்கு நம் நாட்டில் கிடைப்பது குயினாபிரமின். 2.5 கிராம் பொடி உள்ள புட்டியில் 1.5 கிராம் சல்ஃபேட், 1 கிராம் குளோரைடு. ஊசி போடும் தண்ணீர் 15 மில்லி விட்டுக் கலக்க வேண்டும். அளவு கிலோவுக்கு 0.025 மில்லி, தோலுக்கு அடியில். நம் குதிரைக்கு 6.4 மில்லி. எடையை 400 என்று நம்பியிருந்தால் 10 மில்லி போயிருக்கும், இந்த மருந்தில் அது விளையாட்டில்லை.

கலக்குவதில் ஒரு சூட்சுமம். சல்ஃபேட் தண்ணீரில் கரைந்துவிடும், குளோரைடு சரியாகக் கரையாது, பால் போல மிதந்து அடியில் தங்கும். சல்ஃபேட் இன்றைக்கு வேலை செய்ய, குளோரைடு தோலுக்கடியில் தங்கி மெதுவாகக் கசிய. குலுக்காமல் மேலே இருப்பதை உறிஞ்சினால் முதல் குதிரைக்குச் சல்ஃபேட்டே போகும், அடியில் தங்கிய கெட்டிக் குளோரைடு இரண்டாவது குதிரைக்குப் போகும். ஒவ்வொரு முறை உறிஞ்சும்போதும் புட்டியைக் குலுக்குங்கள், சிரிஞ்சையும் குத்துவதற்குமுன் ஒரு தடவை கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஒரு புட்டி 600 கிலோவுக்குக் கணக்கு. மீதியை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

முழு அளவையும் ஒரே இடத்தில் இறக்கினால் கழுத்தில் தேங்காய் மூடி அளவு வீக்கம் வரும், சில நேரம் உடைந்து புண்ணாகும். இரண்டு மூன்று இடமாகப் பிரித்து, கழுத்தின் இரு பக்கமும், தோலை நன்றாகத் தூக்கிப் பிடித்துப் போட்டு, உள்ளங்கையால் தேய்த்துவிட வேண்டும். குதிரைக்கு இந்த மருந்து சற்று ஒவ்வாது, அதனால் மொத்த அளவையே இரண்டாகப் பிரித்துச் சில மணி இடைவெளியில் போடுகிற டாக்டர்களும் உண்டு, மெலிந்த குதிரைக்கு அதுவே நல்லது. ஊசி போட்டபின் வியர்வை, எச்சில், சதை நடுக்கம், தள்ளாட்டம் வரலாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு மணியில் அடங்கும். வெயிலில் வண்டி இழுத்து வந்த குதிரைக்கு உடனே போடாதீர்கள், நிழலில் கட்டித் தண்ணீர் காட்டி, மூச்சு அடங்கியபின் போடுங்கள். ஊசி போட்டுவிட்டு டாக்டர் உடனே கிளம்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதில் தப்பில்லை, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அரை மணி உட்கார வையுங்கள்.

குறைத்துப் போடுவதும் கூடாது. பாதி அளவுக்குத் தப்பிய கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

சுர்ரா மூளைக்கு ஏறிவிட்டால் கதை கடினம். குயினாபிரமினும் அங்கே போதுமான அளவு எட்டுவதில்லை. ரத்தம் சுத்தமாகும், குதிரை தேறும், மூளை நீரில் ஒளிந்த கிருமி சில வாரத்தில் மறுபடி ரத்தத்துக்கு இறங்கும். வட்டமாகச் சுற்றுவது, சுவரில் நெற்றியை அழுத்தி நிற்பது ஆரம்பித்த குதிரைக்கு மருந்துச் செலவைப் பற்றி டாக்டரிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசிவிடுவது நல்லது.

மாட்டுக்கு வாங்கி வைத்த டிமினசின் பொட்டலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தக் கிருமிக்கென்று பல மாட்டுக்காரர் வீட்டில் இருக்கும். 1.05 கிராம் மருந்துள்ள பொட்டலம், 12.5 மில்லி தண்ணீரில் கரைத்தால் 300 கிலோ மாட்டுக்கு, அதாவது கிலோவுக்கு 3.5 மில்லிகிராம். நம் குதிரைக்கு 10.7 மில்லி என்று கணக்கு அழகாக வரும். ஆனால் குதிரைக்கு இந்த மருந்தைத் தாங்கும் இடைவெளி குறுகல், ஏறினால் நரம்பைத்தான் தாக்கும். நரம்பு நோயோடு நிற்கிற குதிரைக்கு வீட்டிலேயே கரைத்துப் போட இது மருந்தில்லை.

கைப்பேசியில் தேடினால் முதலில் வருவது இவை எதுவும் அல்ல. குதிரை, தண்டுவடம், ஒட்டுண்ணி என்று தேடியவுடன் வருவது சார்கோசிஸ்டிஸ் நியூரோனா என்ற கிருமி, அமெரிக்கக் கண்டத்து நோய். அதற்கு அங்கே எழுதியிருக்கும் மருந்துகள்: பொனசூரில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், 28 நாள், முதல் நாள் மட்டும் மூன்று மடங்கு. டைக்ளசூரில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், 28 நாள். சல்ஃபாடயசின் 20, பைரிமெத்தமின் 1, மாதக்கணக்கில், தீனிக்கு ஒரு மணி முன்னால். எண்கள் சரியானவை, அந்த ஊர்க் குதிரைக்கு. அந்தக் கிருமி தன் முட்டைப்பையைத் தீனியில் கொட்டுவது ஒப்போசம் என்ற பை விலங்கின் சாணத்தின் வழியாக. ஒப்போசம் தேன்கனிக்கோட்டைக் காட்டில் கிடையாது, இந்தியாவிலேயே கிடையாது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்து இறக்குமதியான பந்தயக் குதிரை என்றால் மட்டும், பிறந்த ஊர்ச் சான்றை டாக்டரிடம் காட்டுங்கள், அப்போது அந்த நோயையும் யோசிக்க இடம் உண்டு. ஊரிலேயே பிறந்த குதிரைக்கு 28 நாள் அதைத் தேடி அலைவது கும்ரிக்குக் கிடைத்த முதல் வாரத்தை வீணாக்குவதுதான்.

பொனசூரில் இங்கே எளிதில் கிடைக்காது. அதன் தாய் மருந்தான டோல்ட்ராசூரில் கோழிக்கென்று 2.5 சதவீதத்தில் கிடைக்கும், ஓசூர் கிருஷ்ணகிரிப் பக்கம் கோழிப் பண்ணைக்குப் பஞ்சமில்லை. கணக்குப் போட்டால் நம் குதிரைக்கு ஒரு நாளைக்கு 51 மில்லி. ஆனால் கோழித் தண்ணீரில் பல மடங்கு கலந்து கொடுக்கத் தயாரித்த காரக் கரைசல் அது, அப்படியே வாயில் ஊற்றினால் நாக்கும் தொண்டையும் புண்ணாகும்.

கோழி என்றவுடன் இன்னொன்று. இடுப்பு விழுந்த குதிரைக்கு முதலில் நாங்கள் கேட்கும் கேள்வி, "நேற்று என்ன தீனி போட்டீர்கள்?" பிராய்லர் தீவனத்தில் கோழியின் ரத்தக் கழிச்சலுக்காக மோனென்சின் போன்ற மருந்துகள் கலந்திருக்கும், டன்னுக்கு 100 கிராம் போல. கோழிக்கு அது பாதுகாப்பு, குதிரைக்கு நஞ்சு. கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராமே உயிரை எடுக்கப் போதும். 256 கிலோ குதிரைக்கு 2 மில்லிகிராம் வீதம் 512. டன்னுக்கு 100 கிராம் என்றால் ஒரு கிலோ தீவனத்தில் 100 மில்லிகிராம். ஐந்து கிலோ தீவனம், சாக்கு அவிழ்ந்து கிடந்தால் ஒரு இரவில் தின்றுவிடும். வியர்த்து, பின்னங்கால் தள்ளாடி, படுத்து எழ முடியாமல், இதயம் நின்றுவிடும். காய்ச்சல் இருக்காது. பார்வைக்குக் கும்ரி மாதிரியே. இதற்கு மாற்று மருந்து கிடையாது, தீனியை நிறுத்தி, நடமாட விடாமல் நிற்க வைத்து, டாக்டர் வருகிற வரை காத்திருப்பதுதான். கோழிப் பண்ணையிலிருந்து மலிவாக வந்த மீதித் தீவனத்தையும், அதே ஆலையில் கலந்த மாட்டுத் தீவனத்தையும் குதிரைக்குக் காட்டாதீர்கள். கொள்ளும் புல்லும் போதும்.

எந்தப் புழு என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வீக்கத்தைக் குறைக்க வேண்டியிருக்கும், செத்த புழுவும் நரம்பைச் சுற்றி அழற்சி கிளப்பும் என்பதால். ஃப்ளூனிக்சின் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம். ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் உள்ள புட்டியில் நம் குதிரைக்கு 5.6 மில்லி, ரத்தக் குழாயில் மட்டும். சதையில் போட்டால் ஐவர்மெக்டின் ஊசிக்குச் சொன்ன அதே அழுகல். ஃப்ளூனிக்சின் போட்ட குதிரைக்கு இன்னொரு வலிநீக்கியான மெலாக்சிகமும் சேர்த்துப் போடாதீர்கள், தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் குதிரையின் சிறுநீரகம் தாங்காது. டெக்சமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் என்றால் 12.8 மில்லிகிராம், ஒரு மில்லிக்கு 4 உள்ள புட்டியில் 3.2 மில்லி. ஆனால் சுர்ரா இல்லை என்று தெரியாமல் ஸ்டீராய்டு போட்டால் ஒளிந்திருந்த கிருமி ரத்தத்தில் பொங்கும். சினைக் குதிரைக்கும் குளம்பு அழற்சி வந்த குதிரைக்கும் அது வேண்டாம். நரம்புக்கு வைட்டமின் ஈ ஒரு நாளைக்கு 5,000 அலகு வரை, மருந்துக்கடையில் கிடைக்கும் 400 அலகு காப்ஸ்யூல் பன்னிரண்டு, குத்திப் பிழிந்து இரண்டு கரண்டி எண்ணெயோடு தவிட்டில்.

வாயில் மருந்து கொடுக்கும்போது தலையை அண்ணாந்து தூக்கி மூங்கில் குழாயில் ஊற்றுகிற மாட்டு வழக்கம் குதிரைக்குக் கூடவே கூடாது. நரம்பு தளர்ந்த குதிரைக்கு விழுங்குவதும் தளர்ந்திருக்கும், மருந்து நுரையீரலுக்குப் போகும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி உண்டு. அதன் வழியே 60 மில்லி சிரிஞ்சை நாக்கின் பின்பக்கம் நோக்கி வைத்து, தலையை மட்டமாகப் பிடித்து, பத்துப் பத்து மில்லியாக விட்டு, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்து அடுத்ததை விடுங்கள். வாயில் புல் அடக்கி வைத்திருந்தால் பசை அந்தப் புல்லோடு கீழே விழும், முதலில் இரண்டு மடக்குத் தண்ணீரால் கொப்பளிக்க வையுங்கள்.

படுத்துவிட்ட குதிரையை முடிந்தால் இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டுங்கள், வைக்கோல் ஒரு அடி கனம் வேண்டும். மூத்திரம் போகிறதா என்று பாருங்கள். 1962-க்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும், கூப்பிடும்போது மார்புச் சுற்று, நீளம், வெப்பம் மூன்றையும் சொல்லிவிட்டால் வருகிறவர் சரியான புட்டியோடு வருவார்.

அடுத்த வருடக் கும்ரி இந்த வருடமே மாட்டுத் தொழுவத்தில் வளர்கிறது. சாணித் தண்ணீர் தேங்கும் சாக்கடைதான் இந்தக் கொசுக்களில் சிலவற்றுக்குப் பிடித்த இடம். லாயமும் தொழுவமும் ஒரே கூரையாக இருந்தால் இரவில் குதிரையை வலைக்குள் கட்டுங்கள், சாக்கடையை வாரம் ஒரு தடவை வாரிச் சுத்தம் செய்யுங்கள். வேப்பிலைப் புகை மாலையில் ஒரு மணி நேரம் உதவும், நடு ராத்திரியில் அணைந்தபின் உதவாது.

நடக்கிறதா தேறுகிறதா என்பதைக் கண் மதிப்பில் நம்பாதீர்கள், தினம் பார்க்கிறவருக்கு மாற்றம் தெரியாது. வாரம் ஒரு நாள், அதே வாசலில், அதே ஆள் பிடித்து, நேராக இருபது அடி, பின்னோக்கி பத்து அடி, சின்ன வட்டமாக இரு பக்கமும் நடத்திக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். கயிற்றையும் எடுத்து மறுபடி அளங்கள், மெலிந்திருந்தால் அளவும் மாறும். சுர்ராவுக்கு ஊசி போட்ட குதிரைக்குக் குறைந்தது இரண்டு மாதம் தினமும் காலையில் தீனிக்கு முன் வெப்பம் பார்த்து லாயச் சுவரில் சாக்பீஸால் தேதியோடு எழுதுங்கள். 37.5 முதல் 38.5 வரை இருந்தால் பேசாமல் இருக்கலாம். ஒரு நாள் 39.4 என்று எழுத வேண்டி வந்தால், வேறு எந்த ஊசியும் போடுவதற்கு முன்னால், அன்றைக்கே காது ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஸ்லைடில் வையுங்கள்.